உச்சவரம்பில் அடங்காத உயிர்கள்

உண்ணும் உணவில் உள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதியை, கிளைக்கோஜன் என்னும் கூட்டுச் சர்க்கரையாக நம் உடல் சேமித்து வைக்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் லைசோசோம் என்ற நுண்பையைச் சென்றடையும் கிளைக்கோஜனைச் சிதைத்துக் குளுக்கோஸாக மாற்றும் பணியை ஒரு நொதி செய்கிறது. மரபணுக் குறைபாட்டால் அந்த நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தையின் இதயத்திலும் தசைகளிலும் கிளைக்கோஜன் தேங்கி, அவை செயலிழக்கின்றன. 1932-ல் டச்சு மருத்துவர் ஒருவர் கண்டறிந்து கூறிய இந்நோய், அவர் பெயராலேயே போம்பே நோய் என வழங்குகிறது.

மருந்தே இல்லை என்ற நிலை 2006-ல் மாறியது. ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட நொதியை இரு வாரங்களுக்கு ஒருமுறை ரத்தநாளம் வழியே செலுத்துவதுதான் சிகிச்சை. நொதி ஒரு புரதம் என்பதால் உடல் அதைச் சிதைத்துவிடுகிறது. எனவே, வாழ்நாள் முழுவதும் அதைச் செலுத்தியாக வேண்டும். மருந்தின் அளவு உடல் எடையைப் பொருத்தது. குழந்தை வளர வளரச் செலவும் வளரும்.

2021-ம் ஆண்டின் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை இதை அறியாததல்ல. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஆண்டுக்கு ரூ. 10 லட்சம் முதல் ரூ. 1 கோடிக்கு மேல் செலவாகலாம் என்றும், சிகிச்சை வாழ்நாள் முழுவதும் தேவை என்றும் அக்கொள்கையே கூறுகிறது. ஆயினும், 2022-ல் மத்திய அரசு அறிவித்த உதவி, நோயாளி ஒருவருக்கு ரூ. 50 லட்சம் வரை மட்டுமே. வாழ்நாள் தேவைக்கு ஒருமுறை உச்சவரம்பு என்பது எவ்வகை நியாயம்?

ரத்தசோகையும் காசநோயும் கோடிக்கணக்கானோரை வாட்டும் நாட்டில், ஒரு குழந்தைக்கு இவ்வளவு செலவிடலாமா என்ற கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், தொடங்கிய சிகிச்சையைப் பாதியில் நிறுத்தினால் நோய் மீண்டும் முற்றும், செலவிட்ட ரூ. 50 லட்சத்தின் பயனும் கரைந்துபோகும். சிக்கனத்தின் பெயரால் நிகழும் விரயம் அல்லவா இது?

சர்க்கரையுடன் பிணைந்த கொழுப்பைச் சிதைக்கும் நொதி இல்லாததால் வருவது காச்சர் நோய். இந்நோயால் பாதிக்கப்பட்ட ரிக்ஷா தொழிலாளி ஒருவரின் மகனுக்கு இலவச சிகிச்சை அளிக்குமாறு 2014-ல் தில்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 அக்டோபரில், அரிய நோய்களுக்கென தேசிய நிதியம் அமைத்து, இரு நிதியாண்டுகளுக்கு ரூ. 974 கோடி ஒதுக்குமாறும் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒவ்வொரு பெற்றோரும் நீதிமன்றப் படியேறித்தான் மருந்து பெற வேண்டும் என்பது நல்லாட்சிக்கு அழகல்ல.

உச்சவரம்புக்குப் பதிலாக, எடைக்கேற்ற ஆண்டு ஒதுக்கீடு வேண்டும். நாடு முழுவதற்குமான மருந்தை மத்திய அரசே மொத்தமாகக் கொள்முதல் செய்தால் விலையைக் குறைக்கப் பேரம் பேச முடியும். உள்நாட்டுத் தயாரிப்புக்கும் ஊக்கம் தேவை. இரு வாரங்களுக்கு ஒருமுறை மருந்துக்காகக் காத்திருக்கும் குழந்தைக்குக் கோப்புகள் நகரும்வரை அவகாசம் இல்லை என்பதை ஆட்சியாளர்கள் உணர வேண்டும்.