அடிமேல் அடி எப்போது அம்மியை நகர்த்தும்?

'அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்' என்பது நம் முன்னோர் வாக்கு. 'எறும்பூரக் கல்லும் தேயும்' என்பது அதற்குத் துணைநிற்கும் மற்றொன்று. சிறு முயற்சியை இடைவிடாது செய்யின் பெரும்பயன் விளையும் என்பதே இரண்டின் உட்பொருள். இப்பழமொழிகளை எடுத்துக்காட்டாத ஆசிரியர் அரியர். கேட்டுச் சலிக்காத மாணவரும் அரியர். நாமும் பல்லாண்டுகளாக வகுப்பறையில் இவற்றைச் சொல்லி வந்தவர்களே. ஆயின், இவை எந்நிலையில் உண்மை, எந்நிலையில் அன்று என்று நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அவ்வாறு எண்ணிப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட துறை ஒன்று உண்டு, அது கணிதம். அவ்வாறு எண்ணிப் பாராமையால் நோயாளர் பலர் துன்புற்ற வரலாறு ஒன்றும் உண்டு. அது மருத்துவத்தைச் சார்ந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. தமிழ்த்துறை மலரில் கணிதமும் மருத்துவமும் எதற்கு என வினவுவோர் இறுதிவரை பொறுத்தருள வேண்டுகிறோம்.

பழமொழியின் கணித வடிவம்

அறிவியல் கணிப்பான் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோணத்தை ரேடியனில் அளக்கும் நிலையில் அதை வைத்து, விரும்பிய ஓர் எண்ணை இட்டுக் 'கொசைன்' பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவோம். எந்த எண்ணில் தொடங்கினாலும், ஐம்பது முறை அழுத்துவதற்குள் 0.739085 என்னும் எண்ணில் வந்து நிற்போம். அதன் பின்னர் எத்துணை முறை அழுத்தினும் அவ்வெண் அசையாது. இதனை 'நிலைப்புள்ளி' என்பர்.

இது மாயமன்று. இருவர் இருவேறு எண்களில் தொடங்கினாலும், அழுத்த அழுத்த அவர்களிடையே உள்ள தொலைவு ஒரு விகிதப்படி குறைந்துகொண்டே வருகிறது. இறுதியில் இருவரும் ஓரிடத்தில் சந்திக்கின்றனர். இவ்வாறு தொலைவைக் குறைக்கும் செயலைச் 'சுருக்கச் சார்பு' என வழங்கலாம். 15ஆம் நூற்றாண்டில் சமர்கந்தின் அரசர் உலூக் பேக்கின் அவையில் விளங்கிய பேரறிஞர் அல்-காஷி, ஒரு பாகைக் கோணத்தின் சைன் மதிப்பை இத்தகைய வழியிலேயே கண்டார். கிடைத்த விடையை மீண்டும் அதே சமன்பாட்டில் இட்டு, அதனினும் திருந்திய விடையைப் பெறுவது அவர் முறை. பத்துக்கும் மேற்பட்ட தசம இடங்கள் வரை பிழையின்றி அம்மதிப்பை அவர் பெற்றார்.

வழி பழையதாயினும், அது எப்போது பலிக்கும் என்பதற்குப் பொதுச் சட்டம் வகுத்தவர் போலந்து நாட்டுக் கணித மேதை ஸ்டெஃபான் பனாக். லிவோவ் நகரப் பல்கலைக்கழகத்தில் 1920இல் அளித்த தம் ஆய்வேட்டில் அவர் அதனை நிறுவினார். 1922இல் அது அச்சேறியது. ஒரு செயல் எந்த இரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தொலைவை ஒன்றினும் குறைவான ஒரே மாறாத விகிதத்துக்கு உட்பட்டுக் குறைக்குமாயின், அது நிகழும் வெளி இடைவெளிகளற்ற முழுமை உடையதாயின், அச்செயலைத் திரும்பத் திரும்பச் செய்பவர் எங்கிருந்து தொடங்கினும் ஒரே ஒரு நிலைப்புள்ளியைச் சென்றடைவர் என்பதே அத்தேற்றம். ஊரின் வரைபடத்தை அவ்வூரின் தரையிலேயே விரித்தால், படத்தின் ஒரே ஒரு புள்ளி தான் குறிக்கும் இடத்தின் மேலேயே அமைந்திருக்கும் என்பதும் இத்தேற்றத்தின் விளைவே.

அம்மி நகரும் என்கிறது பழமொழி. எந்நிபந்தனையின்கீழ் நகரும் என்று கூறுகிறது தேற்றம். வேறுபாடு இவ்வளவே, ஆனால் இது பெரிய வேறுபாடு.

'ஆயின்' என்னும் சொல்

மேற்கூறிய தேற்றத்தின் உயிர் 'ஆயின்' என்னும் சொல்லில் உள்ளது. அதனைச் சற்றே தளர்த்தினும் முடிவு சிதறும். ஓர் எண்ணுடன் அவ்வெண்ணின் தலைகீழியைக் கூட்டும் செயலை நோக்குவோம். 1இல் தொடங்கினால் 2 வரும், பின்னர் 2.5, 2.9, 3.24 என வளரும். ஒன்றும் அதற்கு மேற்பட்டதுமான எந்த இரு எண்களை எடுத்தாலும், அவற்றிடையே உள்ள தொலைவை இச்செயலும் குறைக்கவே செய்கிறது. 1க்கும் 2க்கும் இடையே ஒன்றாக இருந்த தொலைவு, அடுத்த படியில் 2க்கும் 2.5க்கும் இடையே அரையாகிவிடுகிறது. எனினும் இதற்கு நிலைப்புள்ளி இல்லை. ஆயுள் முழுதும் கூட்டிக்கொண்டே இருப்பினும் சேருமிடம் வாராது; எண் எல்லையின்றிப் பெருகும். காரணம், தொலைவு குறைகிறதே அன்றி, ஒன்றினும் குறைந்த ஒரே விகிதம் எங்கும் காவல் நிற்கவில்லை.

இனி, விகிதம் ஒன்றைத் தாண்டிவிட்டால் வரும் கேட்டைச் சொல்லவும் வேண்டுமோ? 1.1ஐ அதனாலேயே பெருக்கி, வந்ததை மீண்டும் அதனாலேயே பெருக்கிச் சென்றால் 1.21, 1.46, 2.14 என அது 1ஐ விட்டு விலகியோடும். இங்கே விடாமுயற்சி மருந்தன்று, அதுவே நோய்.

ஆதலின் இத்துறை ஆய்வாளர் தம் வாழ்நாளை நிபந்தனைகளை ஆராய்வதிலேயே செலவிடுகின்றனர். 1968இல் ஆர். கண்ணன் என்னும் கணித அறிஞர், பனாக்கின் நிபந்தனைக்கு மாறான புதிய நிபந்தனை ஒன்றை முன்வைத்தார். புள்ளிகளிடையே உள்ள தொலைவை விடுத்து, ஒவ்வொரு புள்ளியும் தன் இடத்திலிருந்து எவ்வளவு பெயர்கிறது என்பதை அவர் அளவாகக் கொண்டார். அங்கே எல்லை விகிதம் ஒன்றன்று, அரை. 1975இல் பி.வி. சுப்பிரமணியம் அதனை மேலும் ஆராய்ந்து, கண்ணன் வகைச் சார்புகள் அனைத்துக்கும் நிலைப்புள்ளி இருப்பின் அவ்வெளி முழுமையுடையதே என நிறுவினார். முடிவைப் போற்றுவதோடு நில்லாமல், 'எதன் பேரில் இது நிற்கிறது?' என்று கேட்பதே இவ்வாய்வு மரபின் மாண்பு.

ஒரு நோயின் வரலாறு

இவ்வினா கேட்கப்படாத இடத்துக்கு இனி வருவோம்.

1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இலண்டன் மாநகரின் ராயல் ஃபிரீ மருத்துவமனையில் விளங்காத நோய் ஒன்று பரவியது. மருத்துவரும் செவிலியருமாகப் பணியாளர் 292 பேர் அதற்கு ஆளாயினர்; மருத்துவமனையே மூடப்பட்டது. தசைவலி, தளர்ச்சி, நினைவுத் தடுமாற்றம் முதலியவற்றோடு பலர் நெடுங்காலம் வருந்தினர். மெல்வின் ராம்சே என்னும் மருத்துவர் இந்நோயாளரைத் தொடர்ந்து கவனித்து எழுதி வந்தார். 1969இல் உலக நலவாழ்வு நிறுவனம் இதனை நரம்பு மண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. ஆனால் 1970இல் உளநோய் மருத்துவர் இருவர், அந்நோயாளரை நேரில் ஆராயாமலே, பழைய பதிவேடுகளைப் பார்த்து, இது கூட்டு மனக்கிளர்ச்சியே என்று எழுதினர். பாதிக்கப்பட்டோருள் பெண்கள் மிகுந்திருந்தமையும் அதற்கு அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று! 1988இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தார் இத்தகைய நோய்க்கு 'நாட்பட்ட சோர்வு நோய்த்தொகை' என்று பெயரிட்டனர்.

அமெரிக்க மருத்துவக் கழகம் 2015இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாட்டில் மட்டும் 8,36,000 முதல் 25 இலட்சம் பேர் வரை இந்நோயர் உளர். அவர்களுள் 84 முதல் 91 விழுக்காட்டினர் நோய் இன்னதென அறியப்படாதவர். கொரோனாத் தொற்றுக்குப் பின் இவ்வகைத் துன்பத்துக்கு ஆளானோர் தொகை இன்னும் பெருகியுள்ளது.

இந்நோயின் தனி அடையாளம் வெறும் களைப்பன்று. உழைப்புக்குப் பின் உடல்நிலை மேலும் சீர்கெடுதலே ஆகும். இன்று சிறிது நடந்தவர், ஒரு திங்கள் கடிதம் ஒன்றை எழுதியவர், நாளையோ மறுநாளோ படுக்கையில் வீழ்வர். தேறுவதற்கு நாட்கள் ஆகலாம், வாரங்களும் ஆகலாம். உடலாற்றலை அளக்கும் மிதிவண்டிச் சோதனையை அடுத்தடுத்த இரு நாட்களில் செய்து பார்த்த ஆய்வுகள் பலவற்றில், இந்நோயாளர் முதல் நாள் காட்டிய ஆற்றலை இரண்டாம் நாள் காட்ட இயலாது போயினர்.

அளவுகோல் சொன்ன பொய்

இத்தகையோர்க்குப் பல்லாண்டுகள் அளிக்கப்பட்ட அறிவுரை யாது? 'அடிமேல் அடி வையுங்கள்' என்பதே. நோயாளர் அச்சத்தால் உடலைப் பயன்படுத்தாது விட்டமையால் தளர்ந்துள்ளனர். குறித்த அளவில் நாள்தோறும் பயிற்சியைக் கூட்டினால் நலமடைவர் என்று கருதப்பட்டது. கணித மொழியிற் சொன்னால், ஒவ்வொரு படியும் நோய்க்கும் நலத்துக்கும் இடையிலுள்ள தொலைவைச் சுருக்கும் என்பது அவர்தம் கருதுகோள். அது மெய்ப்பிக்கப்படாத கருதுகோள் என்பதே நாம் சுட்ட விரும்புவது.

இங்கிலாந்தில் 641 நோயாளரைக் கொண்டு நடத்தப்பட்ட 'பேஸ்' என்னும் பெரிய ஆய்வின் முடிவுகள் 2011இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தன. 2013இல் வந்த கட்டுரை, படிப்படியான உடற்பயிற்சி பெற்றோருள் 22 விழுக்காட்டினர் குணமடைந்தனர் என்றது. ஆயின் அதன் அளவுகோலை நோக்குங்கள். நூறு புள்ளி கொண்ட உடலியக்க அளவுகோலில் 65ஓ அதற்குக் குறைவோ பெற்றவரே நோயாளராக ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குணமடைந்தவர் என்பதற்குத் தொடக்கத்தில் வகுத்த வரம்பு 85. பின்னர் அது 60ஆகக் குறைக்கப்பட்டது. அஃதாவது, 65இல் நுழைந்து 60க்கு இறங்கிய ஒருவர், நலிவுற்றிருந்தும், அவ்வளவுகோலைப் பொறுத்தமட்டில் தேறியவர் ஆகிறார்! கணிதம் முதலாண்டு பயிலும் மாணவரும் இம்முரணைக் கண்டு திகைப்பர்.

இதனைத் தோண்டி எடுத்தவர்களுள் நோயாளரே பலர். அவர்களுள் ஒருவரின் தகவல் உரிமை வழக்கில், ஆய்வுத் தரவுகளை வெளியிடுமாறு 2016இல் தீர்ப்பாயம் ஆணையிட்டது. முதலில் வகுத்த வரம்பின்படி மீண்டும் கணக்கிட்டபோது, குணமடைந்தோர் தொகை பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. ஆய்வாளர்கள் தம் முடிவுகளை இன்றளவும் விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் நடுவுநிலை கருதிக் குறித்தாக வேண்டும். எனினும் 2007இல் இப்பயிற்சியைப் பரிந்துரைத்திருந்த இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, 2021 அக்டோபரில் வெளியிட்ட புதிய வழிகாட்டியில், குறித்த அளவில் கூட்டிச் செல்லும் பயிற்சியை இந்நோயாளர்க்கு அளித்தல் ஆகாது என்று கூறிவிட்டது. 2025இல் எடின்பரோ ஆய்வாளர்கள், 15,000க்கும் மேற்பட்ட நோயாளரின் மரபணுக் கூறுகளை ஆராய்ந்து, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களைக் கண்டதாக அறிவித்தனர். நோயைக் காட்டிக்கொடுக்கும் குருதிச் சோதனையோ, தீர்க்கும் மருந்தோ இன்னும் நிலைபெறவில்லை.

உடற்பயிற்சியை நாம் பழிக்கின்றோம் என்று எவரும் கருதற்க. இதயநோயுற்றுத் தேறுவோர்க்கும் வேறு பலர்க்கும் படிப்படியான பயிற்சி நல்மருந்தே. மனித உடல் ஒரு கணித வெளி அன்று என்பதையும் அறிவோம். ஒருவர்க்குச் சுருக்கமாக அமையும் செயல் மற்றொருவர்க்குப் பெருக்கமாக அமையலாம் என்பதும், விகிதத்தைப் பாராமல் படியை விதித்தல் தகாது என்பதுமே நம் துணிபு.

நம் வகுப்பறையில்

இலண்டன் மருத்துவரைக் குறைகூறி எளிதில் எழுந்து போய்விடலாம். ஆனால் நம் வகுப்பறையில் முன்னொரு காலத்தில் மாணவர் ஒருவர் இருந்தார். கடுங்காய்ச்சலுக்குப் பின் அவர் வருகை குறைந்தது. வந்த நாட்களிலும் பிற்பகலில் தலைசாய்த்துக் கிடந்தார். 'இன்று ஒரு மணிநேரம், நாளை இரண்டு மணிநேரம் என்று பழகிக்கொள் தம்பி. அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும்' என்று நாமே கூறினோம். வருகைப்பதிவைக் காட்டி எச்சரிக்கவும் செய்தோம். சில திங்களில் அவர் படிப்பையே விட்டு நீங்கினார். அவருக்கு இந்நோய்தான் என்று சொல்ல நாம் மருத்துவர் அல்லேம். ஆயின், 'வந்துபோன மறுநாள் உனக்கு எப்படி இருக்கிறது?' என்னும் ஒரு வினாவை நாம் கேட்கவில்லை. அவ்வொரு வினாவே விகிதத்தை அளக்கும் வினா என்பது இன்று புரிகின்றது. அன்று சோம்பல் என்ற ஒரு சொல்லால் அவரை மூடிவிட்டோம்.

சொல்லைக் காப்பது தமிழ்த்துறையின் கடன். 'நாட்பட்ட சோர்வு' என்ற பெயரைக் கேட்டதும், 'எனக்குந்தான் சோர்வு' என்று எவரும் சொல்லிவிடுகின்றனர். சோர்வு, களைப்பு, அசதி, அயர்வு, சோம்பல் என்று நுண்ணிய வேறுபாடுகளை உடையது நம் மொழி. இந்நோய்க்கோ இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. 2015ஆம் ஆண்டு அறிக்கையும் பெயரை மாற்றுமாறு கூறி, உழைப்பை உடல் தாங்காமையையே பெயரில் சுட்டியது. தமிழிலும் 'உழைப்புத் தாங்கா நோய்' என வழங்கினால், கேட்போர் நோயாளரை ஏளனம் செய்யார் என்பது நம் கருத்து.

தேற்றம் தந்த பனாக்கின் வாழ்வும் ஈண்டு நினையத்தக்கது. ஜெர்மானியர் லிவோவைக் கைப்பற்றியிருந்த காலத்தில், நச்சுக்காய்ச்சலுக்குத் தடுப்பு மருந்து செய்யும் வைகல் ஆய்வுக்கூடத்தில் பேன்களுக்குத் தம் குருதியை ஊட்டி அவர் உயிர் பிழைத்தார். 1945இல் நோயால் மறைந்தார். வெளிகளின் முழுமையை ஆராய்ந்தவர்க்கும் உடலின் துன்பம் விலக்கன்று.

பழமொழியைக் கைவிட வேண்டுவதில்லை. அதனோடு ஒரு வினாவைச் சேர்த்துக்கொண்டாற் போதும். அடிக்கப்படுவது அம்மிதானா? அடிக்குமுன் குனிந்து பார்ப்போம். அது ஒருவேளை மண்பாண்டமாகவும் இருக்கலாம்.