உள்ளங்கையில் ஒரு சண்டை!

திமிரியில் சண்டை நடக்கிறது!

துப்பாக்கிகள் முழங்குகின்றன. குண்டுகள் பறக்கின்றன. வீரர்கள் சாய்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் அதே வீரர்கள் எழுந்து, மறுபடியும் சண்டைக்குப் புறப்படுகிறார்கள்!

பயப்படாதீர்கள். இது செல்போனுக்குள் நடக்கும் சண்டை.

ராணிப்பேட்டை மாவட்டத்தில், ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குப் போகும் சாலையில் இருக்கிறது திமிரி. ஒரு காலத்தில் இந்த ஊர் உண்மையான சண்டையையே பார்த்தது. 1751-ம் ஆண்டில் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்த பிறகு, படையோடு வந்தது திமிரிக் கோட்டைக்குத்தான். அந்தக் காலத்துச் சண்டைக்குப் பீரங்கி வேண்டும். இந்தக் காலத்துச் சண்டைக்கு போனில் "சார்ஜ்" இருந்தால் போதும்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் நான்கு பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான்கு தலைகளும் குனிந்திருந்தன. யாரும் யாரையும் பார்க்கவில்லை. "டேய், பின்னாலே வர்றான்டா!" என்ற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"தம்பி, இந்த ஆண்டில் இதுவரை ஆடியதில் உங்களுக்கு ரொம்பப் பிடித்த ஆட்டம் எது?" என்று கேட்டோம்.

ஒருவன் தலையைத் தூக்கினான். "இருங்க சார், இப்போ பேசினா செத்துடுவேன்!" என்றான். மறுபடியும் குனிந்துகொண்டான்.

எந்த ஆட்டத்துக்கு மவுசு?

ஆட்டம் முடிந்த பிறகுதான் பதில் கிடைத்தது.

இரண்டு பேருக்குப் பிடித்தது "ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்". ஒருவனுக்கு "பி.ஜி.எம்.ஐ." இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்க வேண்டும். துப்பாக்கியைத் தேடி எடுக்க வேண்டும். கடைசிவரை உயிரோடு இருப்பவனே ஜெயித்தவன்.

இவற்றுக்கெல்லாம் அண்ணன் மாதிரி இருந்தது "பப்ஜி". அதை 2020-ம் ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தடை செய்தது. அடுத்த ஆண்டே, இந்தியாவுக்கென்று தனியாக பி.ஜி.எம்.ஐ. வந்து சேர்ந்தது. பழைய "ஃப்ரீ ஃபயர்" 2022 பிப்ரவரியில் தடைக்கு உள்ளானது. பையன்கள் "மேக்ஸ்" பக்கம் போய்விட்டார்கள். ஒரு கதவை மூடினால் இன்னொரு கதவு திறக்கிறது!

நான்காவது பையன் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னான்: "எனக்கு செஸ் சார்."

சென்னையைச் சேர்ந்த குகேஷ், 2024 டிசம்பர் 12-ந் தேதி சிங்கப்பூரில் உலக செஸ் சாம்பியன் ஆனார் அல்லவா? அப்போது அவருக்கு வயது 18. அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, போனிலேயே காய் நகர்த்தக் கற்றுக்கொண்டானாம் இந்தப் பையன்.

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள். "எனக்கு லூடோ!" என்று சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே ஓடிவிட்டாள்.

இலவசம் என்பது இலவசமா?

இந்த ஆட்டங்களைப் போனில் இறக்கிக்கொள்ளக் காசு கிடையாது. அப்படியானால் ஆட்டத்தைச் செய்த கம்பெனிக்கு லாபம் எப்படி வருகிறது?

ஒரு வழி, விளம்பரம். இன்னொரு வழி, "வைரம்"!

உங்கள் வீரனுக்குப் புதுச் சட்டை வேண்டுமா? துப்பாக்கிக்குப் புது வர்ணம் வேண்டுமா? வைரம் கொடு என்று ஆட்டம் கேட்கும். வைரம் வேண்டுமா? பணம் கட்டு என்று சொல்லும். சில ஆட்டங்களில் ராட்டினம் மாதிரி ஒன்று சுற்றும். அதில் என்ன பொருள் விழும் என்று யாருக்கும் தெரியாது. திருவிழாவில் வளையம் வீசும் கடை இருக்கிறதே, அதே கதைதான். வளையம் சோப்பு டப்பாவில் விழுந்தாலும், விழாவிட்டாலும், காசு கடைக்காரருக்கு!

புதுச் சட்டை போட்டால் என்ன லாபம்? கூட ஆடும் பையன்கள் முன்னால் ஒரு பெருமை. பெரும்பாலும் அவ்வளவுதான். ஆனால், பன்னிரண்டு வயதில் அந்தப் பெருமை எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பது, பன்னிரண்டு வயதைக் கடந்து வந்த நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒரு தாயின் கண்ணீர்

நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே ஒரு தாயார் வெளியே வந்தார். லூடோ சிறுமிக்கும், சண்டை போட்ட பையன்களில் ஒருவனுக்கும் அம்மா அவர்.

ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் வேலை. காலையில் கம்பெனி பஸ் ஏறினால், திரும்பி வர இருட்டிவிடும். வேலை செய்யும் இடத்துக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. அதனால் போன் வீட்டிலேயே இருக்கும்.

"சீட்டுக் கட்ட வெச்சிருந்த பணம் சார்" என்று ஆரம்பித்தார். "பேங்குல இருந்து கொஞ்சம் கொஞ்சமா போயிருக்குது. நூறு, இருநூறு, மறுபடியும் நூறு. யாரோ திருடிட்டாங்கன்னு நெனச்சேன். பேங்குல போய்க் கேட்டா, என் போன்ல இருந்துதான் போயிருக்குதுன்னு சொன்னாங்க. என் பொண்ணு பொறந்த வருஷத்தைத்தான் ரகசிய நம்பரா வெச்சிருந்தேன். அது அவனுக்குத் தெரியாதா?"

"பையனை அடித்தீர்களா அம்மா?"

"அடிச்சேன் சார். அடிச்சுட்டு நானும் அழுதேன். நாள் பூரா நான் வீட்டிலே இல்லே. போனை அவன் கையிலே குடுத்துட்டுப் போனதே நான்தானே?"

இந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. அவர் சம்பாதிப்பதே பிள்ளைகளுக்காகத்தான். பகலெல்லாம் பிள்ளைக்குத் துணை அந்தப் போன்தான். அந்தத் துணைக்குக் காசு பறிக்கும் குணம் இருக்கிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைவிடப் பெரிய ஆபத்து, பணம் வைத்து ஆடும் ஆட்டம். போனில் ரம்மி ஆடிச் சம்பளத்தைத் தொலைத்த குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஒன்றா, இரண்டா?

ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டம் 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே ஒரு சட்டம் செய்தது. பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்ற ஆசையில் ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் அது தடை செய்கிறது. அப்படிப்பட்ட ஆட்டத்தை நடத்தினால் மூன்று ஆண்டு வரை ஜெயில், ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. நாடு முழுவதும் சுமார் 45 கோடிப் பேர், ஆண்டுக்கு ஏறக்குறைய 20 ஆயிரம் கோடி ரூபாயை இப்படி இழந்ததாக மத்திய அரசே மதிப்பிட்டது!

நல்ல சட்டம்தான். ஆனால், பொம்மை வீரனுக்குச் சட்டை வாங்குவது பந்தயம் ஆகாது. அது கடையில் பொருள் வாங்குவது மாதிரி. அந்த வாசலில் போலீஸ்காரர் நிற்க மாட்டார். தாய் தகப்பன்தான் நிற்க வேண்டும்.

நமக்குப் பிடித்த ஆட்டம்

அப்படியானால் வீடியோ கேம் என்றாலே கெட்டதுதானா?

இல்லவே இல்லை!

"உங்களுக்குப் பிடித்த ஆட்டம் எது சார்?" என்று பையன்கள் நம்மைத் திருப்பிக் கேட்டார்கள். "வெண்பா" என்று சொன்னோம். அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை!

இது 2023 ஜூலை 31-ந் தேதி வெளிவந்த ஆட்டம். கனடா நாட்டில் டொரண்டோ நகரிலுள்ள "விசை" என்ற சிறிய நிறுவனம் செய்தது. இதில் துப்பாக்கி கிடையாது. ரத்தம் கிடையாது. ஒரு அடுப்பங்கரை இருக்கிறது!

1988-ம் ஆண்டு. தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போன பெண் வெண்பா. கணவர் பெயர் பாவலன். மகன் பெயர் கவின். வெண்பாவின் சமையல் புத்தகம் பழசாகி, எழுத்துகள் அழிந்துபோயிருக்கின்றன. அதைப் பார்த்து இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் சரியாகச் செய்ய வேண்டும். விட்டுப்போன வரியை ஆடுகிறவர்தான் யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இட்லித் தட்டுகளைத் தப்பாக அடுக்கினால் ஆவி மேலே போகாது, இட்லி வேகாது. நம் வீட்டுப் பெண்களுக்கு இது அல்வா சாப்பிடுகிற மாதிரி. அவர்கள் ஜெயித்துவிடுவார்கள். ஆம்பூர் பிரியாணிக்காரர்கள் ஆடினால் கேட்கவே வேண்டாம்!

சமையல் மட்டுமா? மகன் வளர்கிறான். தமிழில் பேசக் கூச்சப்படுகிறான். அம்மா கட்டித் தரும் சாப்பாட்டை வெளியே எடுக்க வெட்கப்படுகிறான். ஒரே வீட்டில் இருந்துகொண்டே தாயும் பிள்ளையும் தூரம் தூரமாகப் போகிறார்கள். பிறகு என்ன ஆயிற்று? அதை இங்கே சொல்லிவிட்டால் ஆடுகிறவர்களுக்கு ருசி போய்விடும்!

பிரிட்டனில் சினிமாவுக்குப் பரிசு கொடுக்கும் "பாஃப்டா" அமைப்பு, வீடியோ கேமுக்கும் பரிசு கொடுக்கிறது. 2024 ஏப்ரலில், முதல் படைப்புக்கான பரிசு "வெண்பா"வுக்குக் கிடைத்தது. இட்லிச் சட்டி உலக மேடை ஏறியது!

இந்த ஆட்டம் சாதாரணப் போனுக்கென்று வந்தது அல்ல. கம்ப்யூட்டரிலும், டி.வி.யில் இணைக்கும் விளையாட்டுப் பெட்டிகளிலும் ஆடலாம். ஒரு தடவை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகு அது வைரம் கேட்காது. இன்னொன்று, சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். "போய்ச் சாப்பிடு" என்று ஆட்டமே சொல்லி அனுப்புவது மாதிரி!

அம்மா போட்ட தாயம்

வெண்பாவின் கதையை அந்தத் தாயாரிடம் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சிரித்தார்.

"நான் அடிச்ச பிறகு என் பையனும் எங்கிட்டே பேசலே சார். பத்து நாள் இருக்கும். ஒரு ஞாயித்துக்கெழமை எம்பொண்ணு லூடோ ஆடிக்கிட்டிருந்தா. எட்டிப் பார்த்தேன். அட, இது நம்ம தாயம் மாதிரி இருக்குதேன்னு உக்காந்துட்டேன். மூணு ஆட்டமும் நான்தான் ஜெயிச்சேன். பையன் ஓரமா உக்காந்து பார்த்துக்கிட்டே இருந்தான். 'உனக்கு எப்படிம்மா தெரியும்?'னு கேட்டான். பத்து நாள் கழிச்சு அவன் பேசின மொதல் பேச்சு அதுதான்."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. லூடோவின் மூதாதை, நம் நாட்டுப் பச்சீசி ஆட்டம். அதை இங்கிலாந்தில் எளிதாக்கி, 1896-ல் லூடோ என்று பதிவு செய்துகொண்டார்கள். 2016-ல் நவி மும்பையிலுள்ள ஒரு கம்பெனி அதைச் செல்போனுக்குள் "லூடோ கிங்" ஆக்கியது. பச்சீசிக்கு நம் தாயம் நெருங்கிய உறவு. கடல் கடந்து போன பிள்ளை, வேறு சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது!

இப்போது ஞாயிறு இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து ஆடுகிறார்களாம். பந்தயம் என்ன தெரியுமா? தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும்!

மூன்று கேள்விகள்

எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று தெரிந்துகொள்ள, ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. மூன்று கேள்வி கேட்டால் போதும்.

ஒன்று: இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா? முடியாமல் இழுத்துக்கொண்டே போகும் ஆட்டத்துக்கு, நேரத்தை நாம்தான் வரையறுக்க வேண்டும்.

இரண்டு: இது பணம் கேட்கிறதா? கேட்டால், பணம் அனுப்பும் ரகசிய நம்பரை இன்றே மாற்றுங்கள். பிறந்த தேதி, பிறந்த வருஷம் வேண்டவே வேண்டாம்.

மூன்று: பிள்ளை இதை நம் பக்கத்தில் உட்கார்ந்து ஆடுமா? ஒளித்து ஆடினால், என்னவென்று அன்பாகக் கேளுங்கள்.

ஆட்டத்தை இறக்கும் இடத்தில் 3, 7, 12, 16, 18 என்று ஒரு எண்ணும் கூட்டல் குறியும் இருக்கும். அது வயது. 16 என்று போட்டிருக்கும் ஆட்டம், பத்து வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

பிள்ளை தூக்கம் கெட்டு, சாப்பாடு மறந்து, பள்ளிக்கூடம் போக மறுத்தால், அடிக்காதீர்கள். இப்படி ஆட்டத்துக்கு அடிமையாவதை உலக சுகாதார நிறுவனமே 2019-ம் ஆண்டில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நோய்க்கு வைத்தியம்தான் தேவை, பிரம்பு அல்ல. 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இலவசமாகக் கிடைக்கும். போன் வழியாக யாராவது பணத்தை மோசடி செய்துவிட்டால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்லுங்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. உங்கள் பிள்ளை இந்நேரம் எங்கோ ஒரு மூலையில் போனும் கையுமாக இருக்கலாம். போனைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் போய் உட்காருங்கள். "எனக்கும் சொல்லிக் கொடுடா" என்று கேளுங்கள்.

ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்கள். தோற்றாலும் பரவாயில்லை. பாத்திரம் கழுவினால் போயிற்று!