சாம்பல் மேட்டில் ஒரு சபதம்!

தோழனே!

போதைக்கு இரையாகும் பிள்ளையை மீட்பது யாருடைய வேலை? காவல் நிலையத்தின் வேலை என்பர் சிலர். பெற்றவர் வேலை என்று கை கழுவுவர் சிலர். நல்லுரை வழங்கும் நாவலர்களின் வேலை என்று நம்மை நோக்கி விரல் நீட்டுவோரும் உளர். அது தெருத்தெருவாக நடந்து மக்களைத் திரட்டும் தொண்டனின் வேலை, முழுக்க முழுக்க அரசியல் வேலை என்று நான் கூறினால், மேடைப் பேச்சாளனுக்கு மழை பெய்வதுகூட அரசியல்தான் என்று நகைப்பாய். நகைத்து முடி. பிறகு என்னோடு அமெரிக்க நாட்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்கு வா.

அந்த நகரின் பெயர் கேட்டதும் உன் கண்முன் தோன்றுவது ஹாலிவுட்டின் ஒளிவெள்ளம். நான் உன்னை அழைப்பது அங்கேயல்ல. அதே நகரின் தென்பகுதிக்கு. கறுப்பின மக்கள் உழைத்து வாழ்ந்த பகுதி அது. மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள் பின்னர் அவர்களுக்கு அண்டை வீட்டாராயினர். அருகே சவுத் கேட் என்னுமிடத்தில் பயர்ஸ்டோன் டயர் ஆலை இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலை இருந்தது. தகப்பன் செய்த வேலையை மகனும் செய்யலாம், வீடு வாங்கலாம், மானத்தோடு வாழலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 1980-இல் டயர் ஆலை மூடப்பட்டது. 1982-இல் கார் ஆலை மூடப்பட்டது. ஆலையின் கதவு மூடியபோது எவரும் அதைக் குற்றம் என்று எழுதவில்லை; வணிகம் என்று எழுதினர்!

கதவு மூடிய தெருவில்தான் 'கிராக்' நுழைந்தது. கொக்கைன் தூளைச் சமையல் சோடாவோடு காய்ச்சிக் கட்டியாக்கிப் புகைக்கும் சரக்கு அது. தூள் செல்வரின் விருந்து மண்டபத்துக்கு. கட்டி ஏழையின் சந்துக்கு. சில டாலர் போதும், சில நிமிட மயக்கம், மறுபடியும் தேட்டம். வேலையற்ற இளைஞனுக்கு அதை விற்பது வேலையாயிற்று. தாய் அதில் வீழ்ந்த வீட்டில் பாட்டி மீண்டும் தாயானாள்.

அரசு என்ன செய்தது தெரியுமா? 1986-இல் ஒரு சட்டம் இயற்றிற்று. தூள் வடிவில் 500 கிராம் வைத்திருந்து விற்றவனுக்குக் குறைந்தது ஐந்தாண்டுச் சிறை. கட்டி வடிவிலோ 5 கிராமுக்கே அதே ஐந்தாண்டு! ஒரே பொருள், ஒரே நஞ்சு. தராசு மட்டும் நூறு மடங்கு சாய்ந்தது. சாய்ந்த பக்கத்தில் நின்றவன் எந்நிறத்தவன் என்பதை நான் சொல்லவும் வேண்டுமோ? 2010 வரை அந்தத் தராசை எவரும் நிமிர்த்தவில்லை. அப்போதும் ஒன்றுக்கு ஒன்றாக்கவில்லை, பதினெட்டுக்கு ஒன்றாக்கினர்!

சட்டம் ஒருபுறம், தடி ஒருபுறம். 1988 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் மட்டும் ஆயிரம் போலீசார் தென்பகுதியை வளைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பிடித்தனர். நகரின் போலீஸ் தலைவர் டேரில் கேட்ஸ் 1990-இல் செனட் குழுவின் முன் அமர்ந்து, எப்போதாவது போதை கொள்பவனையும் சுட்டுத் தள்ள வேண்டும் என்ற பொருளில் பேசினார். பதவியை இழந்தாரா? இல்லை, அதன்பின்னும் அதே நாற்காலியில் வீற்றிருந்தார்.

இந்த நேரத்தில்தான் கேரன் பாஸ் என்னும் பெண்மணியும் தோழர்கள் சிலரும் 1990-இல் ஓர் அமைப்பைத் தொடங்கினர். கறுப்பின மக்களையும் லத்தீன் அமெரிக்க வழி மக்களையும் ஒரே பந்தலின்கீழ் சேர்த்த 'கம்யூனிட்டி கோயலிஷன்', அதாவது மக்கள் கூட்டணி. அந்த அம்மையார் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவருக்கு உதவியாக நோயாளிகளைப் பார்த்தவர். போதையில் சிதைந்த உடலைச் செய்தித்தாளில் படித்தவரல்லர், கட்டிலில் கண்டவர். விலங்கு பூட்டித் தீர்க்கும் நோயல்ல இது என்பது அவருடைய உறுதி.

அவர்கள் முதலில் செய்ததை ஊன்றிக் கவனி. வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். உங்கள் தெருவைக் கெடுப்பது எது என்று கேட்டனர். கிராக் விற்கும் வீடுதான் என்ற பதிலை எதிர்பார்த்தே கேட்டனர். மக்கள் சொன்ன பதில் வேறு. மூலையிலிருக்கும் மதுக்கடை!

ஏன் அந்தப் பதில்? கிராக் விற்பவன் இன்று இந்தச் சந்தில் நிற்பான், நாளை அந்தச் சந்தில் நிற்பான். கடையோ நாள்தோறும் அதே மூலையில், அரசு அளித்த உரிமத்தோடு நிற்கிறது. அதன் வாசலில் கூட்டம், கூட்டத்தில் விற்பனை, விற்பனையில் சண்டை. பள்ளிக்குச் செல்லும் சிறுமி அந்த வாசலைக் கடந்தே செல்ல வேண்டும். பால் வேண்டுமென்றாலும் அங்கேதான். நல்ல மளிகைக் கடை மைல் கணக்கில் தொலைவு. தென்பகுதியில் மது விற்கும் உரிமம் பெற்ற கடைகள் மட்டும் ஏறத்தாழ 700 என்று கணக்கிட்டனர். ரோட் ஐலண்ட் என்னும் ஒரு மாநிலம் முழுவதிலும் இத்தனை இல்லை. எத்தனை ஆய்வறிஞர்கள், எத்தனை அதிகாரிகள்! அவர்கள் காணாததை அடுப்படியில் நின்ற பாட்டி கண்டுவைத்திருந்தாள், கேட்பதற்குத்தான் ஆளில்லை.

1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பின மனிதரைத் தடிகளால் அடித்து நொறுக்கிய வழக்கில் போலீசார் நால்வரைத் தண்டிக்க நடுவர் குழு மறுத்தது. நகரம் பற்றி எரிந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. ஏறத்தாழ நூறு கோடி டாலர் பொருள் சாம்பலாயிற்று. தென்பகுதியில் மட்டும் 200 அளவில் மதுக்கடைகள் எரிந்தன. தீயை நான் போற்றவில்லை, தோழனே. தீ வைத்தவனின் தங்கைக்கும் மறுநாள் பால் கிடைக்கவில்லை.

ஆயினும் புகை அடங்கியதும் எழுந்த கேள்வி பெரிது. எல்லாவற்றையும் விரைவாகக் கட்டி எழுப்புவோம் என்று நகரத் தலைவர்கள் முழங்கினர். எல்லாவற்றையும் என்றால் அந்தக் கடைகளையுமா? இங்கேதான் மக்கள் கூட்டணி ஊன்றி நின்றது. தென்பகுதியை மீண்டும் கட்டுங்கள். மதுக்கடை இல்லாமல் கட்டுங்கள் என்றது. முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டியது. ஒவ்வொரு கடையும் மீண்டும் திறக்கப் பொது விசாரணை வேண்டும் என்று போராடியது. விசாரணை என்பது நம் கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும்: ஒரு மேசை, ஓர் அதிகாரி, ஒரு கோப்பு. அந்த அறையில் அண்டை வீட்டுக்காரர் வந்து நின்று, இந்தக் கடை வாசலில் என் கண்ணெதிரே நடந்தவை இவை என்று சாட்சி சொன்னார். மாலை வேலைக்குப் போக வேண்டியவர்; கூலியை இழந்து வந்தவர். ஒரு கடைக்கல்ல, கடை கடையாக, மாதம் மாதமாக, ஆண்டு ஆண்டாக! விளக்குப் போடு, காவலாள் வை, நேரத்தைக் குறை என்று நகராட்சி நிபந்தனை விதித்தது. கடைக்காரர் தரப்பு நீதிமன்றம் ஏறிற்று. அத்தகைய நிபந்தனை விதிக்க நகருக்கு உரிமை உண்டு என்று 1994-இல் கலிபோர்னியாவின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 150 கடைகள் மீண்டும் எழவில்லை. கடைகள் குறைந்த வட்டாரங்களில் ஓராண்டுக்குப் பின் அடிதடித் தாக்குதல்கள் குறைந்ததை ஆய்வாளர்கள் பின்னர் கணக்கெடுத்துக் கண்டனர்.

நாடகக்காரர்களாகிய எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முதற் காட்சியில் குடிகாரன் தள்ளாடி வருவான், மூன்றாங் காட்சியில் மனைவி தாலியைக் காட்டி அழுவாள், இறுதிக் காட்சியில் அவன் புட்டியை வீசி உடைப்பான். கொட்டகை கைதட்டும். கொட்டகைக்கு எதிரே கடை திறந்தே இருக்கும்! அந்த விசாரணை அறையில் கைதட்டல் இல்லை. கடைதான் மூடிற்று.

ஒன்றை மறைத்தால் நான் உனக்கு உண்மை சொன்னவனாகேன். அந்தக் கடைகளில் பலவற்றை நடத்தியவர்கள் கோடீசுவரர்கள் அல்லர்; கொரியாவிலிருந்து வந்து, குடும்பத்தோடு பதினாறு மணி நேரம் கல்லாவில் நின்றவர்கள். கலவரத்தில் எரிந்த பொருளில் ஏறத்தாழப் பாதி கொரியர்களுடையது. முந்திய ஆண்டில் கொரியக் கடையொன்றில் பழச்சாறு பற்றிய தகராறில் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமி சுடப்பட்டு மாண்டாள். சுட்டவருக்குச் சிறைத் தண்டனை இல்லை. அந்தக் காயத்தின்மேல் இந்தப் போராட்டம். இனப்பகையாக்கிக் கொள்ள எவ்வளவு எளிது! கூட்டணி அந்த எளிய வழியில் செல்ல மறுத்தது. ஆசிய அமெரிக்க அமைப்புகளோடு பேசி, மதுக்கடையைத் துணி வெளுக்கும் கடையாகவோ வேறு கடையாகவோ மாற்றுவோர்க்கு உதவும் திட்டத்துக்குத் துணை நின்றது. அது வென்றதா? சில கடைகளே மாறின. பெரும்பாலோர் வாழ்நாள் சேமிப்பை இழந்தவர்களாகவே போயினர். ஏழைக்கும் ஏழைக்கும் நடுவே அந்தக் கடையை வைத்தவன் யார்? பெரிய மளிகை நிறுவனங்கள் அஞ்சி விலகிய இடத்தில், வங்கி கடன் தர மறுத்த இடத்தில், எளிதில் கிடைத்த வணிகம் அதுவாக இருந்தது. சரக்குக் காய்ச்சிய முதலாளியின் வீட்டு ஜன்னல் ஒன்றுகூட உடையவில்லை.

கடை மூடினால் போதுமா? பிள்ளை எங்கே போவான்? அடுத்து அவர்கள் இளைஞரைத் திரட்டினர். அறிவுரை கேட்க அழைக்கவில்லை. வேலை செய்ய அழைத்தனர். 1997-இல் பள்ளிகளைச் செப்பனிட 240 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு நகரத்தார் வாக்களித்தனர். பணம் யாருடைய பள்ளிக்குப் போகிறது? மாணவர்கள் புகைப்படக் கருவியோடு தங்கள் பள்ளிக்குள் நடந்தனர். ஒழுகும் கூரை, உடைந்த கழிப்பறை, அவற்றைப் படமெடுத்துப் பொறுப்பாளர்களின் மேசைமேல் வைத்தனர். தென்பகுதிப் பள்ளிகளுக்கு 15 கோடி டாலருக்கும் மேல் கூடுதலாக வந்து சேர்ந்தது. எந்தப் பிள்ளையை 'ஆபத்தில் இருக்கும் பிள்ளை' என்று கோப்பில் குறித்தார்களோ அந்தப் பிள்ளை கோப்பையே புரட்டிப் பார்த்தான்! அதே ஆட்கள் பாட்டிமாரையும் மறக்கவில்லை. பேரப்பிள்ளையை வளர்க்கும் உறவினர்க்கு, அயலார் வளர்த்தால் அரசு தரும் தொகைக்கு நிகரான உதவி வேண்டும் என்று கேட்டனர்.

கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். ஆகவே அடுத்த செய்தியை எழுதும்போது என் பேனா சற்று அழுத்தமாகவே ஓடுகிறது. கலிபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர, உயர்நிலைப் பள்ளியில் குறிப்பிட்ட பாடவரிசை ஒன்றை முடித்திருக்க வேண்டும். தென்பகுதிப் பள்ளிகளில் அப்பாடங்களுக்குப் போதிய வகுப்புகளே இல்லை. தேர்வில் தோற்கவில்லை பிள்ளைகள். தேர்வு வரை செல்லும் படிக்கட்டே கட்டப்படவில்லை. படிக்கட்டில்லாத வீட்டின் அடியில் நிற்பவனிடம், போதை வேண்டாம், மேலே ஏறு என்று உபதேசிப்பது எத்தகைய கேலி! மாணவர்களும் பெற்றோரும் பல அமைப்புகளும் சேர்ந்து கிளர்ந்தனர். 2005 ஜூனில், அந்தப் பாடவரிசை எல்லா மாணவர்க்கும் உரியது என்று லாஸ் ஏஞ்சல்ஸ் பள்ளி வாரியம் தீர்மானம் இயற்றிற்று.

கேரன் பாஸ் 2008-இல் மாநில சட்டமன்றத் தலைவரானார். 2022 டிசம்பரில் நகரின் மேயராகப் பொறுப்பேற்றார். அவருக்குப் பின் கூட்டணியை நடத்திய மார்க்வீஸ் ஹாரிஸ்-டாசன் 2015-இல் நகர மன்றத்தில் அமர்ந்தார். கதவைத் தட்டியவர்கள் கோட்டைக்குள் போனார்கள் என்று நீ மகிழ்வாய். மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் மூடிய ஆலைகள் திறக்கவில்லை, தோழனே. கோட்டைக்குள் போனவரைக் கேள்வி கேட்க வெளியே எத்தனை பேர் மிஞ்சினர் என்பதே என் கவலை.

2015-இல் அதே பள்ளி வாரியம் கூடியது. நிர்ணயித்த மதிப்பெண்ணைப் பெறாமல் பெருந்தொகையான மாணவர் பட்டயம் இழப்பர் என்று அஞ்சி, தேர்ச்சி அளவைக் குறைத்தது. குறைத்த அளவில் பள்ளியைக் கடக்கலாம். பல்கலைக்கழகம் அதை ஏற்காது. 2005-இல் வாரியத்தின் வாயிலில் நின்ற பிள்ளைகளுக்கு அப்போது வயது இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது; சிலர் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கத் தொடங்கியிருந்தனர்.