எத்தனை மரம் என்று கேட்டது போதும்

மரம் நடு விழா என்றாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வருகிறது. மரத்தின் மேல் கோபம் இல்லை, விழாவின் மேல்தான். மழைக்காலம் வந்தால் எங்கள் கொல்லிமலைக்கும் வேனில் கன்றுகள் வந்து இறங்குகின்றன. கீழ்நாட்டுப் பண்ணையில் கறுப்புப் பையில் வளர்ந்தவை, 70 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகின்றன. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தது. மயில்கொன்றை மடகாஸ்கரைச் சேர்ந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. பேனரில் 'ஆயிரம் கன்றுகள்' என்று எண் மட்டும் பெரிதாக இருக்கும். என்ன கன்று என்று ஒரு வரி இருக்காது.

இந்தப் பேனர்களைப் பார்க்கும்போது எனக்கு இருவர் நினைவு வருகிறது. பாப் ஸ்டூவர்ட், தான்யா பல்கார் என்று பெயர். இங்கிலாந்திலிருந்து வந்து கொடைக்கானல் பக்கம் வட்டக்கானலில் தங்கியவர்கள். வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையைத் தொடங்கி, பழனி மலைச் சோலைகளுக்கே உரிய செடிகளை நாற்றங்கால் போட்டு வளர்த்தார்கள். இருவரும் இன்று இல்லை. நான் அவர்களோடு பழகியவன் அல்ல. ஆனால் நாற்றங்கால் வைத்தவரை அவர் வளர்த்த செடியை வைத்தே நினைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒரு மரம். உருத்திராட்சத்தின் நெருங்கிய உறவு அது. தாவரவியலில் எலியோகார்ப்பஸ் பிளாஸ்கோயி என்பார்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் இருந்த பிரான்சுவா பிளாஸ்கோவின் பெயரால் வந்தது. தென்னிந்திய மலைக்காடுகளைப் பற்றி 1971-இல் பிரெஞ்சில் ஒரு பெரிய நூல் எழுதியவர் அவர். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஒரு சொந்தம் தோன்றியது. பெயர் வைத்த சில காலத்துக்குள் அந்த மரம் கண்ணில் படாமல் போயிற்று, அழிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். அதைத் தேடி மறுபடி கண்டுபிடித்தவர்கள் பாபும் தான்யாவும். இந்தக் குலத்து விதைக்கு ஓடு கெட்டி. இலேசில் முளைக்காது. 'நூறு நாளில் லட்சம் கன்று' என்று கிளம்புகிறவர்களின் கணக்கில் இப்படி ஒரு மரத்துக்கு இடமே இல்லை. லட்சத்தில் எண்ண முடியாத மரத்துக்காகத்தான் நாற்றங்கால் வேண்டும்.

இரண்டாவது, புல். பழனி மலை உச்சியில் மடிப்புகளில் சோலையும் மேட்டில் புல்வெளியுமாக இருந்தது. அந்தப் புல்வெளியில்தான் வாட்டிலும் தைல மரமும் பைனும் நட்டார்கள். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் அங்கே புல்வெளி மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது என்று காட்டியது. அதை விழுங்கியதில் பெரும் பங்கு நட்ட மரங்களுக்குத்தான். மரம் நடுவதே ஒரு காட்டைக் கெடுக்கும் என்பதை இதைவிட எப்படிச் சொல்வது? வருவாய்க் கணக்கில் புல் மேட்டுக்குத் 'தரிசு' என்று பெயர். தரிசு என்று எழுதிவிட்டால், எதையாவது நட்டு நிரப்பத் தோன்றுகிறது.

மூன்றாவது, வாட்டில் நிழலில் தானாக முளைத்து வரும் சோலைக் கன்றுகள். அந்நிய மரத்தை ஒரேயடியாக வெட்டித் தள்ளுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. கீழே என்ன முளைக்கிறது என்று முதலில் குனிந்து பாருங்கள் என்றார்கள். இந்த நிதானம் எனக்குப் பிடித்தது.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கொடி ஏற்றச் சில்வர் ஓக் நட்டிருக்கும் எங்கள் தேவனூர் நாட்டு விவசாயியோடு எனக்குச் சண்டை இல்லை. அவர் தன் காசைப் போட்டு, தன் வயிற்றுப்பாட்டுக்கு நட்டவர். அவருக்குக் கணக்குத் தெரியும். என் சண்டை, இலவசமாகக் கொண்டுவந்து கோயில் ஓரத்திலும் பள்ளிக்கூடத்திலும் புல் மேட்டிலும் ஊன்றிவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு இறங்குகிறவர்களோடு.

இந்த வியாதி எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் அரசு எழுத்தராக இருந்தவன். மாதாந்திர அறிக்கையில் இலக்கு, சாதனை, விழுக்காடு என்று கலங்கள் இருக்கும். என்ன இனம், விதை எந்தக் காட்டிலிருந்து எடுத்தது, மூன்றாம் வருடம் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று கேட்கும் கலத்தை நான் ஒரு படிவத்திலும் பார்த்ததில்லை. கலம் இல்லாத கேள்விக்கு அலுவலகத்தில் பதிலும் இருக்காது.

பிரெஞ்சில் நாற்றங்காலுக்குப் 'பெப்பினியேர்' என்று பெயர். 'பெப்பேன்' என்றால் பழத்துக்குள் இருக்கும் விதை. விதையிலிருந்து பிறந்த சொல் அது. நாற்றங்கால் வைத்திருக்கிறேன் என்று சொல்பவரிடம் நாம் முதலில் கேட்க வேண்டியதும் அதுவே: விதை யாருடையது, எந்த மலையுடையது? வேம்பும் புங்கனும் நம் நாட்டு மரம்தானே என்பார்கள். ஆமாம், சமவெளிக்கு நல்ல மரங்கள். ஆனால் நாட்டு மரம் வேறு, இந்த மலையின் மரம் வேறு.

'இந்த மலையின் மரம் எது என்று யாருக்குத் தெரியும்?' என்ற சாக்கும் செல்லாது. திருச்சி ரபினாட் ஹெர்பேரியத்தை 1967-இல் நிறுவிய பாதிரியார் கே.எம். மேத்யூ, 1980-களின் தொடக்கத்திலேயே தமிழகக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களை விரிவான நூல்களாக வெளியிட்டுவிட்டார். கொல்லிமலையும் அதற்குள் அடக்கம். நூல் வேண்டாம் என்றால் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். எந்தக் கோயில் காட்டில் எந்த மரம் எந்த மாதம் காய்க்கும் என்று சொல்வார்கள்.

இந்த மலைக்கு இது புது வேலையும் இல்லை. மரவள்ளி வந்து சாமையையும் தினையையும் தள்ளியபோது, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து ஊர் விதை வங்கிகள் அமைத்தது. சாமைக்கு விதை வங்கி வைத்த மலை, வேங்கைக்கும் கடுக்காய்க்கும் தான்றிக்கும் நெல்லிக்கும் செண்பகத்துக்கும் வைக்க முடியாதா? முடவாட்டுக்காலைப் பாறையிலிருந்து பெயர்த்துச் சாலையோரம் விற்கிறோம், சூப் வைத்துக் குடிக்கிறோம். அதன் கிழங்குத் துண்டை நட்டாலே தளிர்க்கும். விற்பதில் பத்தில் ஒரு பங்கையாவது வளர்க்க ஒரு நாற்றங்கால் வேண்டாமா?

உள்ளூர்க் கன்று மெதுவாக வளரும், விழாவுக்குள் தயாராகாது என்பார்கள். தயாராக வேண்டாம். மரத்துக்காக விழா காத்திருக்கட்டும்.

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. கொல்லிமலையின் 14 நாடுகளுக்கும் ஆளுக்கொரு சின்ன நாற்றங்கால். ஊரார் உத்தரவு பெற்று, அந்தந்த நாட்டுக் கோயில் காட்டில் உதிர்ந்த விதை. நூறுநாள் வேலையில் பராமரிக்க நாலு பேர். ஒவ்வொரு பையிலும் மரத்தின் பெயரும் விதை எடுத்த இடமும் எழுதிய சீட்டு. தேவனூர் நாட்டில் ஆரம்பித்தால் அந்தச் சீட்டுகளை எழுத நான் வருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகவே இருக்கிறது.

அதுவரை, உங்கள் ஊருக்குக் கன்று வேன் வந்தால் மாலையும் மைக்கும் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன மரம்? விதை எங்கே எடுத்தது? மூன்று வருடம் யார் தண்ணீர் ஊற்றுவார்? பதில் வராவிட்டால் ஒரு டம்ளர் காபி கொடுத்து, வேனைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.