மேஸ்திரிக்கும் பள்ளிக்கூடம் வேண்டும்

ஒருவர் 20 வருஷமாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். கெட்டிக்காரர். அவர் கை பட்டால், மக்கர் செய்யும் இயந்திரமும் ஓடும். ஒரு நாள் முதலாளி அவரை அழைத்து, "இன்று முதல் நீங்கள்தான் மேஸ்திரி" என்கிறார்.

அவ்வளவுதான்! மறுநாள் காலையில் அவர் முன்னால் 20 பேர் நிற்கிறார்கள். அவர்களிடம் எப்படி வேலை வாங்குவது? புதுப் பையனுக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது? இதை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே, தமக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாளுகிறார். அதட்டுகிறார்!

பையன் பயந்துபோகிறான். புரியாவிட்டாலும், புரிந்ததாகத் தலையை ஆட்டுகிறான். விளைவு? சரக்கு வீணாகிறது. சில சமயம் விரலே போய்விடுகிறது.

அமெரிக்காவிலும் இந்தக் கஷ்டம் இருந்தது. 1940-ல் அங்கே யுத்தத் தளவாட உற்பத்தி பெருகத் தொடங்கியது. தொழில் தெரியாத ஆண்களும் பெண்களும் லட்சக்கணக்கில் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுப்பது? மேஸ்திரிகள்தான். ஆகவே, அந்த நாட்டு அரசாங்கம் மேஸ்திரிகளுக்கே வகுப்பு நடத்தியது. வகுப்புக்கு 2 மணி நேரம், 5 வகுப்புகள். மொத்தம் 10 மணி நேரம்தான்! 1945-க்குள் 16 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் இந்தப் பயிற்சி பரவிவிட்டது.

அதில் சொல்லிக்கொடுத்தது என்ன?

முதலில், புதியவரின் பயத்தைப் போக்க வேண்டும். இரண்டாவது, வேலையைச் சிறுசிறு பகுதியாகச் செய்துகாட்ட வேண்டும். மூன்றாவது, அவரையே செய்யச் சொல்லி, செய்வதை அவர் வாயாலேயே விளக்கச் சொல்ல வேண்டும். நான்காவது, அவரைத் தனியே வேலை செய்ய விட்டு, அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டும். அப்படியும் அவர் கற்றுக்கொள்ளவில்லையா? குறை கற்றுக்கொடுத்தவரிடம்தான்!

மனிதர்களிடம் பழகவும் ஒரு பாடம் உண்டு. நல்ல வேலையைப் பாராட்ட வேண்டும். மாறுதல் வந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தகராறு என்றால், முழுவதும் விசாரித்த பிறகே முடிவு செய்ய வேண்டும்.

யுத்தத்துக்குப் பிறகு, 1950-களில் ஜப்பான் இந்த முறையை எடுத்துக்கொண்டது. டொயோட்டா கார்த் தொழிற்சாலையும் இதைக் கைக்கொண்டது.

நம் முதலாளிகள் புது இயந்திரத்துக்கு லட்சம் லட்சமாகச் செலவு செய்கிறார்கள். அந்த இயந்திரத்தின் முன்னால் நிற்கும் மனிதரை நடத்துகிறவருக்கு 10 மணி நேரம் ஒதுக்கக் கூடாதா?

மேஸ்திரிகளும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அதட்டினால் பயம் வரும், தொழில் வராது. காலையில் வேலைக்குப் போன பிள்ளை, மாலையில் பத்து விரலோடு வீடு திரும்புவது உங்கள் கையிலும் இருக்கிறது.