மின்சாரக் கார்: வாங்குமுன் ஒரு கணக்கு



பெட்ரோல் கார் வாங்குவதா, மின்சாரக் கார் வாங்குவதா என்னும் வினா இன்று பல இல்லங்களில் எழுகின்றது. ஒருவர் விளம்பரத்தைக் காட்டி வாதிடுகின்றார். மற்றவரோ நடுவழியில் நின்றுபோன காரின் கதையைக் கூறி அச்சுறுத்துகின்றார். ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை எடுத்து வைக்கும் குடும்பத்திற்கு இவ்விரண்டும் வழிகாட்டமாட்டா. கணக்கே வழிகாட்டும்.

பெட்ரோல் என்ஜின், தான் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வீணாக்கிவிடுகின்றது. மின்மோட்டாரோ தான் பெறும் மின்சாரத்தில் பெரும்பகுதியை ஓட்டமாக மாற்றுகின்றது. செலவு குறைவதன் இரகசியம் இதுவே.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும், ஒரு லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் என்றும் கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு ஆகின்றது. மின்சாரம் யூனிட் 10 ரூபாய், ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று கொண்டால் 1 ரூபாய் 67 காசே ஆகின்றது. மிச்சம் கிலோமீட்டருக்கு 5 ரூபாய்.

ஆனால், இத்துடன் நின்றுவிடாதீர்கள். மின்சாரக் காரின் விலை 4 இலட்சம் ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்திற்கு 5,000 ரூபாய் மிச்சமாகும். ஏழு ஆண்டுகளுக்குள் அத்தொகை மீண்டுவிடும். மாதம் 300 கிலோமீட்டரே ஓடும் குடும்பத்திற்கோ 22 ஆண்டுகள் ஆகும்! பாட்டரிக்குப் பொதுவாகத் தரப்படும் உத்தரவாதமோ 8 ஆண்டுகள்தாம். எப்போதேனும் வண்டியை எடுப்போருக்குச் சிக்கனம் தருவது பெட்ரோல் காரே.

அடுத்த கேள்வி: இரவில் உங்கள் கார் எங்கே நிற்கும்? சொந்த வீட்டு வாசலில் நின்றால் கவலையில்லை. 15 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு ஏறத்தாழ 3 யூனிட் ஏறும். 30 யூனிட் பாட்டரி, நீங்கள் உறங்கி எழுவதற்குள் பெரும்பாலும் நிறைந்துவிடும். மாடி வாடகை வீட்டில் குடியிருந்து, காரைத் தெருவில் நிறுத்துவோர் பொது மின்னேற்ற நிலையங்களையே நம்பவேண்டும். அங்கு வீட்டுக் கட்டணத்தைப்போல் இருமடங்கும் ஆகலாம், காத்திருக்கவும் நேரலாம்.

நார்வே நாட்டில் 2024ஆம் ஆண்டில் விற்பனையான புதிய கார்களில் 100க்கு ஏறத்தாழ 89 மின்சாரக் கார்களே. கடுங்குளிர் நிலவும் நாட்டிலேயே இது நிகழ்ந்ததென்றால், அவ்வண்டி நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவ்வாறு கூற இயலும்? எனினும், அந்நாட்டு அரசு பல்லாண்டுகளாக வரிச் சலுகை அளித்தது. சாலைகள்தோறும் மின்னேற்ற நிலையங்கள் அமைந்தன. ஏற்ற சூழ்நிலை அமைந்த பின்னரே வண்டி வென்றது என்பதை மறந்துவிடலாகாது.

ஆகவே அன்பர்களே, கடைவீதிக்குச் செல்லுமுன் ஒரு சிறு குறிப்பேட்டை எடுங்கள். ஒரு மாதம் முழுவதும் உங்கள் குடும்பம் எத்தனை கிலோமீட்டர் பயணம் செய்கின்றது என்பதை நாள்தோறும் எழுதிவாருங்கள். எந்தக் காரை வாங்கலாம் என்பதை விற்பனையாளரைவிட அக்குறிப்பேடு நேர்மையாக எடுத்துரைக்கும்.