சீட்டுக்கு அடியில சிலிண்டர், வாயில வடக்கன்

ரொம்ப நாளா மனசுக்குள்ள கிடந்து உறுத்துற விஷயம். ஆபீஸ்ல ஆணி புடுங்குறது கொஞ்சம் கொறஞ்சிருக்கு, அதான் இன்னிக்கு எழுதியே தீரணும்னு உக்காந்துட்டேன். கொஞ்சம் காரமாத்தான் இருக்கும். திட்டுறவங்க பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம். ஆனா முழுசா படிச்சுட்டு திட்டுங்க மக்களே.

2023 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. விடியக்காலைல அஞ்சே கால் மணி வாக்குல மதுரை ஜங்ஷன் யார்டுல நின்ன ஒரு ரயில் பெட்டி தீப்பிடிச்சு எரிஞ்சது ஞாபகம் இருக்கா? லக்னோ பக்கத்துல இருந்து கோயில் குளம் பாக்க வந்தவங்க மொத்தமா வாடகைக்கு எடுத்திருந்த தனிப் பெட்டி அது. 17-ஆம் தேதி அங்க கிளம்பி, தெக்க எல்லாம் சுத்திட்டு, புனலூர் எக்ஸ்பிரஸ்ல கோத்து மதுரைக்கு வந்தாங்க. இங்க பெட்டியக் கழட்டி யார்டுல தனியா நிப்பாட்டியிருந்தாங்க. 9 பேர் செத்துப் போயிட்டாங்க. விதிய மீறி உள்ள ஏத்தி வச்சிருந்த கேஸ் சிலிண்டர்தான் காரணம்னு ரயில்வே சொல்லுச்சு. கருகிக் கிடந்த சாமானுக்கு நடுவுல ஒரு சிலிண்டரும் ஒரு மூட்டை உருளைக்கிழங்கும் கிடந்ததா செய்தி வந்துச்சு.

அந்த உருளைக்கிழங்கு மூட்டைதான் எனக்கு இன்னும் கண்ணுல நிக்குது. பத்து நாளைக்கு அந்தப் பெட்டிதான் அவங்களுக்கு வீடு. அடுப்படி, படுக்கை, சாமான் ரூம்பு எல்லாம் அதுக்குள்ளயேதான்.

சரி, நம்மூர்ல அன்னிக்கு என்ன பேசுனாய்ங்க? "வடக்கன் புத்தி". "ரயில்லயே அடுப்புப் பத்த வைக்கிறாய்ங்க பாரு". "இவனுகளுக்கெல்லாம் அறிவே கிடையாதா". டீக்கடைலயும் இதான், வாட்ஸப்லயும் இதான். நானும் ஒரு ஸ்டேட்டஸ் போட்டேன். என்ன எழுதுனேன்னு இங்க சொல்ல வெக்கமா இருக்கு. 9 உசுரு போயிருக்கு, எனக்கு நக்கல் வந்துச்சு.

இப்ப இந்தக் கதையைக் கேளுங்க.

அடுத்த வருஷம் மே மாசம் எங்க குடும்பம் 14 பேர், டெம்போ டிராவலர் ஒண்ணை வாடகைக்குப் புடிச்சு திருச்செந்தூர், கன்னியாகுமரி, சுசீந்திரம்னு மூணு நாள் டூர் கிளம்புனோம். ஓட்டல்ல சாப்பிட்டா கட்டாது, போற வழில சமைச்சுக்கலாம்னு முடிவு. "என்ஜினியரிங் படிச்ச பய இருக்கான்ல, சாமானை அவனே அடுக்கட்டும்"னு பெரியப்பா சொல்லிட்டாரு. எனக்கு ஒரே பெருமை.

அடுக்குனேன் பாருங்க! இட்லிக் கொப்பரை, அதுக்குள்ள அன்னக்கூடை, அதுக்குள்ள போகணி, அதுக்குள்ள கரண்டி. டெட்ரிஸ் ஆடுற மாதிரி ஒரு இஞ்ச் விடல. பின் கதவை ஒட்டி கூரை வரைக்கும் பை. நடைபாதைல 20 லிட்டர் தண்ணி கேன் நாலு, அரிசி மூட்டை, அது மேல பாய், தலகாணி. "சின்னப் பயலுக இதுல படுத்துக்கலாம்"னு வேற விளக்கம். 14.2 கிலோ சிலிண்டர் நிமித்தி வச்சா சீட்டுக்கு அடியில போகல. அதனால கடைசி சீட்டுக்குக் கீழ படுக்கப் போட்டேன். அடிக்கடி கழட்டி மாட்டணுமேன்னு ரெகுலேட்டரையும் கழட்டல. எல்லாரும் வந்து பாத்துட்டு "அடடா, என்னமா அடுக்கிருக்கான்"னு சொன்னாங்க. போட்டோ கூட எடுத்தேன்.

மூணாம் நாள் ராத்திரி திரும்பி வர்றோம். கோவில்பட்டி தாண்டியாச்சு. பாதிப் பேர் தூக்கம். பின்னாடி இருந்து அத்தை, "ஏய், என்னமோ நாறுதுடா"ன்னாங்க. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "திருச்செந்தூர்ல நீங்க வாங்குன கருவாடுதான் அத்தை, பேசாம தூங்குங்க."

கருவாடு இல்ல. கேஸுக்குன்னு சொந்தமா வாடையே கிடையாது. கசிஞ்சா மூக்குக்குத் தெரியட்டும்னுதான் மெர்கேப்டன்ங்கிற நாத்தம் புடிச்ச சரக்கைக் கலந்து விடுறாங்க. அது தன் வேலையச் சரியாத்தான் செஞ்சுச்சு. நான்தான் அதைக் கருவாடுன்னுட்டேன். அப்பா முழிச்சு மோந்து பாத்துட்டு வண்டிய நிப்பாட்டச் சொல்லிக் கத்துனாரு. சித்தப்பா "லைட்டைப் போடு, லைட்டைப் போடு"ங்கிறாரு. அப்பா "எவனும் சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது"ங்கிறாரு. இருட்டுல 14 பேர் ஒரே கதவை நோக்கி வர்றாங்க. நடைபாதை எங்க? நான்தான் அடைச்சு வச்சிருக்கேனே!

கடைசி சீட்டுல அப்பத்தா. முட்டி வலி, சாதாரணமாவே நடக்க முடியாது. தண்ணி கேன் மேலயும் அரிசி மூட்டை மேலயும் அவங்க எப்படி ஏறி வருவாங்க? நான் இறங்கி ஓடி பின் கதவைத் தொறந்தா, பை எல்லாம் என் மேலயே சரியுது. ஒவ்வொண்ணா புடுங்கி ரோட்டுல எறிஞ்சு, அப்பத்தாவைத் தூக்கி இறக்குற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கொப்பரை உருண்டு வந்து ரெகுலேட்டர்ல இடிச்சிருக்கு, அவ்வளவுதான் விஷயம். சிலிண்டரை மூடித் தூக்கிட்டுப் போய் கரட்டுக்காட்டுல வச்சுட்டு வந்து உக்காந்தேன். யாரும் எதுவும் பேசல. அப்பத்தாதான் சொன்னாங்க:

"சாமான் அடுக்கத் தெரிஞ்ச பயலுக்கு ஆள் எறங்க வழி வெக்கத் தெரியலயே."

இதுக்கு மேல நான் எழுத ஒண்ணுமே இல்ல. இருந்தாலும் பொட்டி தட்டுறவன் புத்தி, கணக்கு போடாம இருக்க முடியல. அந்த மாதிரி வேன் உள்பக்கம் சுமாரா 12 கன மீட்டர் இருக்கும். காத்துல கேஸ் ரெண்டு சதவீதத்தை எட்டுனாலே ஒரு பொறி போதும். 12-ல ரெண்டு சதவீதம்னா கால் கன மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. எடையில சொன்னா அரைக் கிலோ. 14.2 கிலோ சிலிண்டர்ல அரைக் கிலோ! அதுவும் வேன் பூரா சீராப் பரவுனாத்தான் இந்தக் கணக்கு. சமையல் கேஸ் காத்தை விட கனம். மேல போகாது, தரையிலயே தேங்கும். சின்னப் பயலுக பாய் போட்டுப் படுத்திருந்த இடத்துல. சிலிண்டரைப் படுக்கப் போட்டா இன்னும் மோசம். ஆவி வர வேண்டிய வாய்ல திரவமே வரும், அது வெளிய வந்து பல மடங்கா விரியும். இது எல்லாமே எனக்குத் தெரியும்ங்க. நாலு வருஷம் என்ஜினியரிங் படிச்சிருக்கேன். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? அடுக்கும்போது என் கண்ணுக்குத் தெரிஞ்சதெல்லாம் "இடம் இருக்கா"ங்கிற ஒரே கேள்விதான்.

படிக்காத எங்க தாத்தா காலத்துல இது தெரிஞ்சிருந்துச்சு. சித்திரைத் திருவிழாவுக்கு சுத்துப்பட்டி சனமெல்லாம் கூண்டு வண்டி கட்டிட்டு வந்து நாள் கணக்குல தங்குவாங்க. அதுவும் ஒரு ஓடுற வீடுதானே? உள்ள வைக்கோல் பரப்பி மேல பாய். மாட்டுத் தீவனம் வண்டிக்கு அடியில தொங்குற சாக்குல. அரிக்கேன் லைட்டு? வண்டிக்கு வெளிய, அச்சுக்குக் கீழ. பொங்குறது? ஆத்து மணல்ல கல்லு கூட்டி. வைக்கோல் உள்ள இருக்குதுன்னா நெருப்பு வெளிய இருக்கணும். இதுக்கு எந்த டிகிரியும் தேவைப்படல.

வெளிநாட்டுல கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி இருக்குல்ல, கேரவன், அதுலயும் இதே கதைதான். சிலிண்டருக்குத் தனி அறை. அதோட கதவு வெளிப்பக்கம்தான் தொறக்கும். ஆள் இருக்குற பக்கம் காத்துப் போக ஓட்டை கிடையாது, தரையில மட்டும் ஓட்டை. கசிஞ்சா கேஸ் கீழ இறங்கி ரோட்டுக்குப் போயிரும். பக்கத்துல கேரளாவுல 2021-ல கேரவன் சுற்றுலாவுக்குன்னு தனித் திட்டமே கொண்டு வந்தாங்க. நாளைக்கு நம்மூர்லயும் வீதிக்கு வீதி வரும். அப்பவும் நாம பளபளன்னு இருக்குற மெத்தையத்தான் பாப்போம், சிலிண்டர் எங்க இருக்குன்னு கேக்க மாட்டோம்.

இப்ப நம்ம ஆளுக சொல்ற சமாதானத்துக்கு வர்றேன்.

"இருவது வருஷமா இப்படித்தான் சபரிமலைக்குப் போறோம், ஒண்ணும் ஆகல." இது வாதமே இல்ல பங்காளி. அந்த ராத்திரி வரைக்கும் எங்களுக்கும் ஒண்ணும் ஆகல. கார்த்திகை மாசம் தேனி ரோட்டுல நின்னு பாருங்க. போற வேன்ல எத்தனை வேன்ல அடுப்பும் சிலிண்டரும் ஆளோட ஆளா உக்காந்து போகுதுன்னு.

"ஓட்டல்ல 14 பேருக்கு மூணு வேளை யாரு காசு கொடுக்குறது?" இது நியாயமான கேள்வி, இதை நான் நக்கல் பண்ண மாட்டேன். லக்னோக்காரங்களும் இதே காரணத்துக்காகத்தான் சாமான் ஏத்தியிருப்பாங்க. ஆனா நமக்குக் கட்டுச்சோறுன்னு ஒண்ணு இருக்கே? புளியோதரை, மொளகாப்பொடி தடவுன இட்லி எல்லாம் எதுக்குக் கண்டுபுடிச்சாங்க? முதல் நாள் அதுல ஓடிரும். அப்புறம் கோயில் ஊர்ல சமையக்கட்டோட மண்டபமோ சத்திரமோ விசாரிச்சுப் புடிங்க. பெரிய கூட்டம்னா சாமானுக்குத் தனியா ஒரு குட்டியானை. ஆள் ஏறுற வண்டில மட்டும் சிலிண்டர் ஏறக் கூடாது. இதுல பேரம் கிடையாது.

"அப்ப மிச்ச சாமானை எங்கிட்டு வைக்கிறது?" நான் இப்ப அடுக்குற வரிசை இது. முதல்ல அடுக்குறது காலி இடத்தை. கதவு, பின் கதவு, நடைபாதை மூணும் வெறுமையா இருக்கணும். அதுக்கு அப்புறம் மிச்ச இடத்துல கொள்ளலைன்னா சாமானைக் குறைக்கணும், வழியைக் குறைக்கக் கூடாது. கனமானது கீழ, ரெண்டு அச்சுக்கும் நடுவுல. நாலு தண்ணி கேன்னா 80 கிலோ, அதைக் கூரைல ஏத்துனா வளைவுல வண்டி சாயும். கூரைல பாயும் தலகாணியும் போதும். எதுவா இருந்தாலும் கயித்தால கட்டணும். 60-ல போற வண்டி டக்குன்னு நின்னாலும் உள்ள இருக்குற குக்கர் 60-லயேதான் போகும். ராத்திரி தேவைப்படுறது கடைசியா ஏத்தணும், அப்பத்தான் முதல்ல கைக்கு வரும்.

இன்னொண்ணு. ஆத்துல இறங்குறதுக்கு முன்னாடி அழகருக்குப் பட்டு எடுக்குறது எப்படின்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். பெட்டிக்குள்ள பாக்காம கைய விட்டு, எது வருதோ அந்தக் கலர். அது சாமிக்குச் சரி. நம்ம வண்டில இருட்டுல கைய விட்டா டார்ச்சுதான் வரணும், அதுவும் யார் கைய விட்டாலும் வரணும். மருந்துப் பையும் அப்படித்தான். எங்க இருக்குன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சா அது அடுக்குனதே இல்ல, ஒளிச்சு வச்சது.

கடைசியா ஒண்ணு. யார்டுல எரிஞ்ச பெட்டியப் பாத்து "அவிய்ங்க அப்படித்தான்"னு சொன்னப்ப நமக்கு ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, அதுதான் பெரிய ஆபத்து. அவிய்ங்க அப்படின்னா நாம அப்படி இல்லைன்னு ஆயிருது. அப்புறம் எதுக்கு நம்ம சீட்டுக்கு அடியில குனிஞ்சு பாக்கணும்? அந்த 9 பேர் செத்ததுல நாம கத்துக்க வேண்டிய பாடத்தை, திட்டித் திட்டியே தொலைச்சுட்டோம். பத்து மாசம் கூட ஆகல, நான் அதே சிலிண்டரை அப்பத்தா சீட்டுக்கு அடியில வச்சேன். எனக்கும் அவங்களுக்கும் நடுவுல இருந்த வித்தியாசம் அத்தையோட மூக்கு, அவ்வளவுதான்.

அடுத்த தடவை டூர் கிளம்புறப்ப, எல்லாம் அடுக்கி முடிச்சதும் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுலயே வயசான ஆளைக் கடைசி சீட்டுல உக்கார வச்சு, லைட்டை அணைச்சுட்டு, "இறங்குங்க"ன்னு சொல்லுங்க. அவங்களால தனியா இறங்க முடியலைன்னா எல்லாத்தையும் கீழ இறக்கி மறுபடி அடுக்குங்க. பெரியப்பா திட்டுவாரு. திட்டட்டும்.

டிஸ்கி: அன்னிக்கு எடுத்த 'சூப்பரா அடுக்கிருக்கேன்' போட்டோ இன்னும் போன்ல இருக்கு. அழிக்கல. எப்பவாச்சும் யாரையாவது பாத்து "அறிவில்லாத பயலுக"ன்னு சொல்லத் தோணுச்சுன்னா எடுத்துப் பாத்துக்குவேன்.